‘க்ளிக்’ சத்தம் கேட்டதா?

எல்லாப் பொருளும் வீட்டில் இருக்கிறது. கடைசி ஓர் அடியைத்தான் விட்டுவிடுகிறோம்!

காலை எட்டே முக்கால். சென்னை, சின்னமலை சிக்னல். சிவப்பு விளக்குக்கு நிற்கும் ஸ்கூட்டரில் அப்பா; பின்னால் ஸ்கூல் பையோடு மகள். அப்பாவின் ஹெல்மெட் முழங்கையில் வளையல் மாதிரி தொங்குகிறது. எதிரே டிராஃபிக் போலீஸ்காரர் நிற்பது மகளின் கண்ணில்தான் முதலில் படுகிறது.

“அப்பா, போலீஸ்!”

சட்டென்று ஹெல்மெட் தலைக்கு ஏறுகிறது. பச்சை விழுகிறது. வண்டி போலீஸ்காரரைத் தாண்டிப் போகிறது. தாடைக்குக் கீழே பூட்டாத பட்டை இரண்டு பக்கமும் காற்றில் ஆடுகிறது. மகளின் தலையில் ரிப்பன் மட்டும்தான்.

அந்த அப்பாவைக் குறை சொல்வது சுலபம். ஆனால், அவர் காசு கொடுத்து ஹெல்மெட் வாங்கியிருக்கிறார். வீட்டிலிருந்து சுமந்து வந்திருக்கிறார். தலையிலும் வைத்துவிட்டார். மிச்சம் இருந்தது ஒரே ஒரு ‘க்ளிக்’. போலீஸ்காரரைக் கடக்க அது தேவைப்படவில்லை. கீழே விழும்போது அது மட்டும்தான் தேவைப்படும்.

வீட்டுக்குள் வந்து பாருங்கள். குக்கர், மிக்ஸி, கேஸ் அடுப்பு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், கொசுவர்த்தி... இந்த ‘க்ளிக்’ இல்லாமலே ஓடிக்கொண்டிருக்கும் பொருள்கள் எத்தனை! தப்பாகப் பயன்படுத்துகிறோம் என்றுகூட நமக்குத் தோன்றுவதில்லை. ஏனென்றால், இந்தப் பொருள்கள் பொறுமைசாலிகள். நூறு முறை மன்னிக்கும். அந்த நூறு முறையில் தப்பு பழக்கமாகிவிடும். பழக்கம், “எங்க வீட்ல இருபது வருஷமா இப்படித்தான்” என்று முறையாகவே ஆகிவிடும். நூற்றியோராவது முறைதான் பிரச்னை.

தலையில் இருந்தும் ஹெல்மெட் இல்லை!

பட்டை மாட்டாத ஹெல்மெட் சட்டத்தின் பார்வையில் ஹெல்மெட்டே கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு, தலைக்கவசம் என்றால் என்ன என்று விளக்கும்போதே, அது பட்டையால் தலையோடு உறுதியாகப் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. நான்கு வயதைத் தாண்டிய எல்லோருக்கும் இது பொருந்தும், பின்னால் உட்காருபவருக்கும்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 1,000 ரூபாய்.

அபராதம் சின்ன விஷயம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் மட்டும் ஹெல்மெட் அணியாமல் விபத்தில் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் பதினான்காயிரம் பேருக்கு மேல் பின்னால் உட்கார்ந்து சென்றவர்கள்.

விபத்தில் தலை ஒரு முறை மட்டும் மோதுவதில்லை. முதலில் எதிர் வண்டியில், பிறகு தார்ச்சாலையில் என்று அடுத்தடுத்து அடிபடலாம். பட்டை மாட்டாத ஹெல்மெட் முதல் அதிர்ச்சியிலேயே தெறித்து ஓடிவிடும். அடுத்த அடி வெறும் தலைக்கு.

இன்னொரு தப்பும் நடக்கிறது. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல் போன்ற உறைதான் உண்மையான காவலாளி. மோதலின் வேகத்தைத் தான் வாங்கி, நசுங்கி, தலையைக் காக்கும். ஒரு முறை நசுங்கினால் பழைய நிலைக்குத் திரும்பாது. பெரிய விபத்தில் அடிபட்ட ஹெல்மெட், வெளியே பளபளவென்று இருந்தாலும் அதன் வேலை முடிந்துவிட்டது. “ஒரு கீறல்கூட இல்லை, தம்பி போட்டுக்கட்டும்” என்று கொடுப்பது அன்பளிப்பு ஆகாது.

நாலு விசில் கணக்கு

“பருப்புக்கு நாலு விசில், கறிக்கு எட்டு விசில்” என்பது நம் சமையலறைகளின் வேதவாக்கு. மாமியார் மருமகளுக்குச் சொல்வதும் இதுதான். மகன் வெளிநாட்டிலிருந்து போன் போட்டு அம்மாவிடம் கேட்பதும் இதுதான்.

ஆனால், விசில் கடிகாரம் அல்ல. உள்ளே அழுத்தம் அளவைத் தாண்டியதும் வெயிட் தூக்கிக்கொள்கிறது. மிஞ்சிய ஆவி வெளியேறுகிறது. அவ்வளவுதான். தீயைப் பெரிதாக வைத்தால் ஐந்து நிமிடத்தில் நாலு விசில் வந்துவிடும். சிறிதாக வைத்தால் கால் மணி நேரம்கூட ஆகும். இரண்டிலும் பருப்பு வெந்த அளவு ஒன்றாக இருக்குமா? குக்கரோடு வரும் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். முழு அழுத்தம் வந்ததும், அதாவது முதல் விசிலுக்குப் பிறகு, தீயைக் குறைத்து நிமிடக் கணக்கு வைக்கத்தான் சொல்லியிருப்பார்கள். உள்ளே வெப்பம் சுமார் 120 டிகிரி செல்சியஸ் வந்த பிறகு, தீயைக் கூட்டினால் சாப்பாடு சீக்கிரம் வேகாது. கேஸ்தான் சீக்கிரம் தீரும்.

விசிலைத் தப்பாக எண்ணினால் பருப்பு குழையும், உயிர் போகாது. உயிருக்கு வினையாவது குக்கரை நிறைப்பதுதான். 1679-ல் டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் முதல் அழுத்தப் பாத்திரத்தைக் காட்டிய காலத்திலேயே, வெடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய கவலை. அதற்காகவே பாதுகாப்பு வால்வும் வைத்தார். இன்றும் அதே கதைதான். குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் எதையும் நிரப்பக் கூடாது. பருப்பு, பயறு மாதிரி நுரைத்துப் பொங்குபவை என்றால் தண்ணீரோடு சேர்த்துப் பாதிக்கு மேல் கூடாது. விருந்தாளி வந்த நாளில் கழுத்துவரை நிரப்பினால், நுரையோடு பருப்புத்தோல் மேலேறி ஆவி போகும் குழாயை அடைத்துக்கொள்ளும். அப்போது விசில் வராது. “ஏன் இன்னும் சத்தமே வரல?” என்று நாம் அடுப்பருகே போய்க் குனிந்து பார்ப்போம். அந்த நேரத்தில் அங்கே இருக்கக் கூடாதது நம் முகம்தான்.

அடுத்த அரண், மூடியில் இருக்கும் சேஃப்டி வால்வு. வெப்பம் எல்லை மீறினால் உருகி வழிவிடும்படி செய்யப்பட்ட குட்டி உலோகம். அது ஒழுகுகிறது என்றால் எங்கோ கோளாறு என்று பொருள். கிடைத்ததை வைத்து அதை அடைத்துவிட்டால், மிச்சமிருந்த கடைசி வாசலையும் நாமே சாத்துகிறோம். தளர்ந்துபோன கேஸ்கட்டை ஃப்ரீஸரில் வைத்து எடுத்து ஒப்பேற்றுவதும் அந்த ரகம்தான்.

வெயிட் போடும் முன் மூடியைத் தூக்கி, குழாய்த் துளை வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். குக்கருக்கு அதுதான் ‘க்ளிக்’.

■ கேஸ் சிலிண்டர்: தெரிந்துகொள்ளுங்கள்

• சிலிண்டரின் மேல்வளையத்தைத் தாங்கும் பட்டையில் A, B, C, D என்ற எழுத்தும் ஆண்டின் கடைசி இரண்டு எண்களும் இருக்கும். A என்றால் ஜனவரி–மார்ச், B ஏப்ரல்–ஜூன், C ஜூலை–செப்டம்பர், D அக்டோபர்–டிசம்பர். அடுத்த சோதனை எப்போது என்பதன் குறிப்பு அது. தேதி கடந்த சிலிண்டரை வாங்காதீர்கள்.

• கேஸ் தீரப்போகும் நேரத்தில் சிலிண்டரைச் சாய்ப்பது, படுக்க வைப்பது, வெந்நீரில் நிற்க வைப்பது மூன்றும் ஆபத்து. படுக்க வைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே குழாய்க்குள் வரலாம். அடுப்பில் தீ எகிறும்.

• ரப்பர் குழாயின் ஆயுள் 5 ஆண்டு. தேதி குழாயிலேயே அச்சிட்டிருக்கும். கிழியவில்லை, வெடிக்கவில்லை என்பதெல்லாம் கணக்கில்லை.

• சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவும். வாடை வந்ததும் எக்ஸாஸ்ட் ஃபேன் போடுவது நம் ஊர் வழக்கம். அந்த ஸ்விட்சின் ஒரு பொறி போதும். எந்த ஸ்விட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள்.

மூன்றாவது காலை வெட்டாதீர்கள்

“வாஷிங் மெஷின் லேசா சுர்ர்ன்னு இழுக்குதுங்க.”

“செருப்பு போட்டுட்டுத் தொடு. ஒண்ணும் ஆகாது.”

இந்த உரையாடல் நடக்காத தெரு உண்டா? செருப்பு, மரப்பலகை, ரப்பர் மிதியடி என்று ஆளுக்கொரு வைத்தியம். வியாதி என்ன என்று யாரும் கேட்பதில்லை. உலோக உடம்புக்கு மின்சாரம் கசிகிறது. கசிந்தது பூமிக்குப் போக வழியில்லை. அந்த வழிதான் எர்த்.

த்ரீ பின் பிளக்கில் மேலே இருக்கும் கால் மட்டும் ஏன் தடிமனாகவும் நீளமாகவும் இருக்கிறது? தடிமன், வேறு துளைக்குள் தவறியும் நுழையாமல் இருக்க. நீளம், மற்ற இரண்டு கால்களுக்கு முன்பே எர்த் தொட்டுவிட. பிளக்கைப் பிடுங்கும்போது எர்த்தான் கடைசியாக விலகும். மின்சாரம் வரும் முன்னே வந்து, போன பின்னே போகும் காவல்காரன் அது.

அந்தக் காவல்காரனைத்தான் நாம் வேலையைவிட்டு அனுப்புகிறோம். த்ரீ பின்னுக்குப் பதில் டூ பின் போடுகிறோம். புது ஒயர் மாட்டும்போது பச்சை ஒயரை “இது தேவையில்லை” என்று நறுக்கிவிடுகிறோம். பல சாக்கெட்டுகளில் அந்த நீளக் கால் உள்ளே போனால்தான் மற்ற இரு துளைகளின் மூடி திறக்கும். குழந்தைகளின் விரல் போகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. நாமோ பேனா மூடியால் அதைக் குத்தித் திறந்து, டூ பின் சார்ஜரைச் செருகுகிறோம். பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தை அதையும் கற்றுக்கொள்கிறது.

“எம்.சி.பி. இருக்கே, டிரிப் ஆயிடுமே” என்பது அடுத்த நம்பிக்கை. எம்.சி.பி. காப்பது ஒயரை. ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட் வந்தால் விழும். மனிதர் உடம்பு வழியாகப் பாயும் சின்ன மின்கசிவு அதற்குத் தெரியாது. அதைக் கண்டுபிடித்துத் துண்டிப்பது ஆர்.சி.சி.பி. வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் வகை. அதில் ‘டெஸ்ட்’ என்று ஒரு பட்டன் இருக்கும். சில மாதங்களுக்கு ஒரு முறை அழுத்திப் பார்க்கத்தான் வைத்திருக்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் அதைத் தொட்டிருக்கிறோம்?

■ எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கணக்கு

230 வோல்ட் × 6 ஆம்பியர் = 1,380 வாட். சாதாரண 6 ஆம்பியர் பாக்ஸின் மொத்தத் தாங்கு சக்தி இவ்வளவுதான். நான்கு துளை இருப்பதால் அது நான்கு மடங்கு ஆகிவிடாது.

அயர்ன் பாக்ஸ் 1,000 வாட், எலெக்ட்ரிக் கெட்டில் 1,500 வாட், இண்டக்ஷன் அடுப்பு 2,000 வாட் என்றால், கெட்டிலோ இண்டக்ஷனோ தனியாகவே அந்த எல்லையைத் தாண்டிவிடும். இவற்றுக்கு 16 ஆம்பியர் சுவர் சாக்கெட்தான் சரி. பாக்ஸ் தொட்டால் சுடுகிறதா? ஒயரின் உறை உள்ளுக்குள் இளகத் தொடங்கியிருக்கலாம்.

ஒரு பாக்கெட், ஒரு லிட்டர்

1971. வங்கதேசப் போர். எல்லையோரம் பங்காவ்ன் அகதி முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டே வந்தது. கொல்கத்தா மருத்துவர் திலீப் மஹலநபிஸ், உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பெரிய டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் வீட்டாரையே மொண்டு கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு, நான்குக்கும் கீழே இறங்கியது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான குழந்தைகளைக் காத்த ஓ.ஆர்.எஸ்.ஸின் பெருங்களம் அது. மறைவுக்குப் பிறகு, 2023-ல் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பை நாம் வீட்டில் எப்படிக் கலக்குகிறோம்? பாக்கெட்டைக் கிழித்து, கால்வாசியை ஒரு டம்ளரில் கொட்டி, ஸ்பூனால் ஆற்றி, மிச்சத்தை மடித்து ஃப்ரிட்ஜ் மேலே வைத்துவிடுகிறோம். ஓ.ஆர்.எஸ். சத்து மாவு இல்லை, கண்ணளவில் போடுவதற்கு. அதன் மருந்தே விகிதம்தான்.

குடலில் குளுக்கோஸும் சோடியமும் கைகோத்துக்கொண்டு சுவரைத் தாண்டும். பின்னாலேயே தண்ணீர் போகும். இரண்டும் சரியான அளவில் இருந்தால்தான் இந்த ஊர்வலம் நகரும். கரைசல் கெட்டியாகிவிட்டால், உடம்பிலிருந்தே தண்ணீரைக் குடலுக்குள் இழுத்து, பேதியை அதிகமாக்கும். ரத்தத்தில் உப்பு ஏறும். நீர்த்துப்போனால் இழந்த உப்பு திரும்பாது. உலக சுகாதார நிறுவன அளவில் செய்த பெரிய பாக்கெட் 20.5 கிராம், அது முழுசாக ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீருக்கு. 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் கடையில் உண்டு. எது என்று அட்டையில் படித்துவிட்டுக் கலக்குங்கள். கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

கொடுக்கும் முறையிலும் அவசரம். வாந்தி எடுக்கும் குழந்தைக்கு ஒரு டம்ளரை ஒரே மூச்சில் புகட்டினால் அத்தனையும் வெளியே வரும். “ஓ.ஆர்.எஸ். ஒத்துக்கல” என்று பழி அதன்மேல் விழும். ஸ்பூன் ஸ்பூனாக, இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறை பேதியான பிறகும், இரண்டு வயதுக்குக் கீழே என்றால் 50 முதல் 100 மில்லி. அதற்கு மேல் பத்து வயதுவரை 100 முதல் 200 மில்லி. குழந்தை சோர்ந்துபோனாலோ, குடிக்கவே மறுத்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ உடனே மருத்துவமனை.

கடையில் “ஓ.ஆர்.எஸ். குடுங்க” என்று கேட்டால் பழச்சுவை டெட்ரா பாக்கெட்டை நீட்டும் வழக்கமும் இருந்தது. சர்க்கரை கூடிய அந்தப் பானங்கள் பேதிக்கு மருந்தல்ல. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் இதற்காகப் போராடினார். 2025 அக்டோபரில், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., இத்தகைய பானங்களின் பெயரில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற சொல்லே வரக் கூடாது என்று உத்தரவிட்டது.

■ எந்த ஸ்பூன்?

“ஒரு ஸ்பூன் மருந்து” என்றால் 5 மில்லி. நம் வீட்டில் சர்க்கரை டப்பா ஸ்பூன் வேறு, ஊறுகாய் ஸ்பூன் வேறு. பாட்டிலோடு வரும் மூடி அல்லது சிரிஞ்சில் அளந்தால்தான் அளவு.

காய்ச்சல் மருந்தில் இன்னொரு பொறி. பாரசிட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் வகையும் உண்டு, 250 வகையும் உண்டு. கைக்குழந்தைகளுக்கான டிராப்ஸோ மிகவும் அடர்த்தி: 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம். சிரப் என்று நினைத்து டிராப்ஸை 5 மில்லி கொடுத்தால், 120-க்குப் பதில் 500 உள்ளே போகிறது. நாலு மடங்குக்கும் அதிகம்; ஈரலுக்குத்தான் ஆபத்து.

சாத்திய கதவுக்குள்ளே

கொசு உள்ளே வரக் கூடாது என்று கதவு ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டு, கட்டிலுக்கடியில் கொசுவர்த்தியைக் கொளுத்தி வைத்துப் படுக்கிறோம். கொசுவும் நாமும் ஒரே புகையில். 2003-ல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் வெளியிடும் அளவுக்குச் சமம் என்று கண்டது. வீட்டில் யாருமே புகைப்பதில்லை என்று பெருமைப்படுகிறோம். தொட்டிலில் கிடக்கும் குழந்தை இரவெல்லாம் இழுப்பது எதை? சுருள் காற்றோட்டமான இடத்துக்கானது. படுக்கும் நேரத்துக்கு வலைதான் நல்லது.

குளியலறையில் இதைவிட வேகமான ஆபத்து. “கறை போகலை” என்று டாய்லெட் கிளீனரை ஊற்றி, போதாததற்கு மேலே பிளீச்சிங் பவுடரையும் தூவுகிறோம். இரண்டு மடங்கு சுத்தம் கிடைக்காது. அமிலமும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு எழும். முதல் உலகப் போரில், 1915-ல், எதிரிப் படைமேல் திறந்துவிடப்பட்ட அதே வாயு. எரிச்சல், இருமல், மூச்சுத்திணறல் வந்தால் துடைத்து முடித்துவிட்டு வரலாம் என்று நிற்காதீர்கள். வெளியே ஓடி வாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு பொருள், அதுவும் கதவைத் திறந்து வைத்து.

மிச்ச ஆசிட்டையோ மண்ணெண்ணெயையோ கூல்ட்ரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைப்பது எல்லாவற்றிலும் கொடுமை. பெரியவர்களுக்கு அது ‘ஆசிட் பாட்டில்’. தாகத்தோடு விளையாடிவிட்டு வரும் பிள்ளைக்கு அது ஜூஸ் பாட்டில். குடித்துவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தொண்டை இன்னொரு முறை வேகும், மண்ணெண்ணெய் என்றால் நுரையீரலுக்குள் போய்விடும். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள், 108-ஐ அழையுங்கள்.

காதுக்கும் ஒரு வார்த்தை. கோழி இறகு, ஹேர்பின், வண்டிச் சாவி போய் இப்போது இயர் பட்ஸ் வந்திருக்கிறது. பெயரிலேயே ‘இயர்’ இருந்தாலும் அது காதுக்குள் விடுவதற்கல்ல. காதுக்குழாயின் வெளிப்பகுதியில்தான் குறும்பி சுரக்கிறது. நாம் மெல்லும்போது தாடை அசைவில் தானாக வெளியே நகர்ந்துவிடும். பட்ஸ் அதைத் திரும்ப உள்ளே தள்ளி, செவிப்பறையோடு சேர்த்து இறுக்கிவிடுகிறது. சுத்தம் செய்கிறோம் என்று அடைக்கிறோம்.

யார் பொறுப்பு?

எல்லாப் பழியும் வாங்கியவர் தலையிலா? பெட்டிக்குள் வரும் குறிப்புத்தாள், எறும்பு ஊர்ந்தது மாதிரி எழுத்தில், பல நேரம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் இருக்கிறது. பெட்டியோடு அதுவும் பரணுக்குப் போகிறது. கடைக்காரர் விலையைச் சொல்வார், தள்ளுபடியைச் சொல்வார். குக்கரை எவ்வளவு நிரப்பலாம் என்று சொல்வதில்லை.

இதற்குச் சட்டம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84-வது பிரிவு, சரியாகப் பயன்படுத்தும் முறையையும் தவறான பயன்பாட்டின் ஆபத்தையும் போதுமான அளவு சொல்லாத உற்பத்தியாளர், நேர்ந்த பாதிப்புக்குப் பொறுப்பு என்கிறது. ஆனால், 87-வது பிரிவு மறுபக்கத்தையும் வைத்திருக்கிறது. பாதிப்பு நேர்ந்தபோது பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ, மாற்றி அமைக்கப்பட்டிருந்தாலோ விற்பனையாளர்மேல் வழக்குப் போட முடியாது. வெட்டிய எர்த் ஒயரும், அடைத்த வால்வும் நமக்கு எதிராகவே சாட்சி சொல்லும். குறிப்பே இல்லாத பொருளா? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

சட்டத்தைவிடச் சீக்கிரம் வேலை செய்வது வீடு. இந்தப் பழக்கம் எதையும் நாம் புத்தகத்தில் கற்கவில்லை. அம்மா செய்ததைப் பார்த்தோம், அப்பா செய்ததைப் பார்த்தோம். சின்னமலை சிக்னலில் அந்தச் சிறுமி கற்றுக்கொண்டிருப்பது, போலீஸ் எங்கே நிற்கிறார் என்று பார்க்க. அதே கூர்மையான கண்ணையும் காதையும் வைத்து, “அப்பா, க்ளிக் சத்தம் கேக்கலையே?” என்று கேட்கவும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கலாம். அவள் தலைக்கும் ஒரு ஹெல்மெட் வாங்கிக் கொடுத்துவிட்டு.

■ இன்றைக்கே பத்து நிமிடம்

• கேஸ் குழாயின் தேதியைப் பாருங்கள்.
• ஆர்.சி.சி.பி. டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். டிரிப் ஆகவில்லை என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.
• குக்கர் மூடியை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்.
• மருந்து அலமாரியில் சிரப்பையும் டிராப்ஸையும் தனித்தனியே வையுங்கள்.
• கூல்ட்ரிங்க்ஸ் பாட்டிலில் இருக்கும் ஆசிட்டை அப்புறப்படுத்துங்கள்.
• ஹெல்மெட் பட்டையை மாட்டி, தாடைக்கும் பட்டைக்கும் நடுவே விரல் விடுங்கள். இரண்டு விரலுக்கு மேல் போனால் இறுக்குங்கள்.

கடைசியாக, இப்போது உங்கள் கையில் இருக்கும் பொருளைப் பற்றி. அச்சிட்ட தாளில் உணவைப் பொட்டலம் கட்டுவதை 2018 உணவுப் பொதியல் விதிமுறைகளிலேயே தடை செய்துவிட்டார்கள். ஆனாலும், டீக்கடையில் சூடான வடையைத் தாளில் வைத்து ஒரு பிழி பிழியாமல் நமக்குக் கை அடங்குவதில்லை. எண்ணெய் தாளுக்குப் போகும்போது, மை வடைக்கு வருகிறது. படித்து முடித்ததும் இந்த இதழைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள், எடைக்குக்கூடப் போடுங்கள். வடையை மட்டும் இதில் வைத்துவிடாதீர்கள். நாங்கள் எழுதியது கண்ணுக்கு, வயிற்றுக்கு அல்ல.